நாலு கிண்ணம் சாகே, ஒரு பெர்மிட்

மும்பையில் சாகே ருசிக்க விரும்புகிறவர் முதலில் தன் உடல்நலம் குறித்து அரசாங்கத்திடம் கவலை தெரிவித்தாக வேண்டும். இங்கே சட்டப்படி மது அருந்த பெர்மிட் தேவை. உடல்நலத்தைப் பேணிக் காப்பதற்காக இவர் மது அருந்துகிறார் என்று அந்தச் சீட்டு சான்று சொல்லும். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்துக்கு இப்போது மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று பெயர், ஆள் சாகவில்லை. ஒரு நாள் பெர்மிட்டுக்குக் கட்டணம் வெகு காலமாக ஐந்து ரூபாய்தான். நகரத்து பார்களின் வாசலில் ‘பெர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பதற்கும் இதுவே காரணம். உள்ளே பெர்மிட்டைக் கேட்பவர்கள் அபூர்வம் என்பது வேறு விஷயம்.

இந்தச் சடங்கைத் தாண்டி உள்ளே போனால் சாகே கிடைக்கிறது. கொலாபாவில் தாஜ்மகால் ஹோட்டலின் ‘வசாபி’ உணவகம் 2004இல் திறந்தபோது அது இந்த நகரத்துக்குப் புதுச் சரக்கு. பிறகு பாந்த்ராவுக்கும் லோயர் பரேலுக்கும் ஜப்பானிய உணவகங்கள் வந்தன. மெனுவில் சாகேக்கென்று தனிப் பக்கம். இடது புறம் வாயில் நுழையாத பெயர்கள், வலது புறம் மனசு ஒப்பாத விலைகள். பரிமாறுகிறவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறோம், அல்லது விலைப் பட்டியலின் நடுவில் இருப்பதைக் கைகாட்டித் தப்பிக்கிறோம்.

இரண்டுமே அவசியமில்லை. சாகே அரிசியிலிருந்து வருவது. கஞ்சி வடிக்கவும், இட்லி மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும் என்று கணிக்கவும் தெரிந்த மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கு அதில் பாதி சங்கதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி, அதாவது சட்டமும் வரியும் ஒரு பானத்தை என்ன பாடு படுத்தும் என்பது, தாராவியின் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

முதலில் பெயர். ஜப்பானிய மொழியில் ‘சாகே’ என்றால் பொதுவாக மது. நாம் சாகே என்று குறிப்பிடுவதை அவர்கள் நிஹோன்ஷு, அதாவது ஜப்பானிய மது என்கிறார்கள். சிறு கிண்ணத்தில் வருவதால் பலர் இதை விஸ்கி போலக் காய்ச்சி வடித்த சரக்கு என்று நினைக்கிறார்கள். சாகே வடிப்பதல்ல, புளிக்க வைப்பது. அந்த வகையில் கள்ளுக்கும் பீருக்கும் உறவு. ஆனால் வீரியத்தில் இருவருக்கும் அண்ணன். புளிக்கும்போதே ஆல்கஹால் 20 சதவிகிதம் வரை ஏறும். பிறகு தண்ணீர் சேர்த்து 15, 16 சதவிகிதத்துக்குக் கொண்டு வருகிறார்கள்.

அரிசியை மதுவாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பனையிலும் தென்னையிலும் இறங்கும் பதநீரில் சர்க்கரை தயாராக இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈஸ்ட் வந்து விழுந்தால் சில மணி நேரத்தில் கள். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதைத் தொடாது. மாவை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். உலகம் இதற்கு மூன்று வழி கண்டது. தானியத்தை முளைக்கட்டுவது ஒன்று, பீர் இப்படித்தான். வாயில் மென்று துப்புவது இன்னொன்று. எச்சிலில் இருக்கும் நொதி வேலையைச் செய்துவிடும். பழைய ஜப்பானிலும் இந்த வழக்கம் இருந்தது. மூன்றாவது பூஞ்சை. ஜப்பான் கடைசியில் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

தமிழர்கள் முதல் வழியை அறிந்திருந்தார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது தயாரிக்கும் முறை ஏறக்குறையச் சமையல் குறிப்பு போலவே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற வைத்து, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விளைய விட்டு, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். வீட்டில் சமைத்த அரிசிக் கள்ளுக்கு ‘தோப்பி’ என்று தனிப் பெயரே இருந்தது. இன்று அந்தச் சொல் உரையாசிரியர்களிடம் மட்டும் இருக்கிறது. வடசென்னையில் சோற்றைப் பானையில் ஊற வைத்துப் புளிக்க வைக்கும் சுண்டக்கஞ்சி அதன் தூரத்து உறவு. அது அகராதியில் தேட வேண்டிய சொல் ஆகவில்லை. போலீஸ் செய்திக் குறிப்பில் அவ்வப்போது தலை காட்டுகிறது.

ஜப்பானியரின் பூஞ்சைக்குப் பெயர் கோஜி. நம் வீட்டில் சோற்றில் பூசணம் பிடித்தால் முகம் சுளித்துக் கொட்டுவோம். அவர்கள் 2006இல் கோஜியைத் ‘தேசியப் பூஞ்சை’ என்று அறிவித்தார்கள். அறிவித்தது மது தயாரிப்பு வல்லுநர்களின் சங்கம் என்பதால் ஆச்சரியமில்லை. ஆவியில் வேக வைத்த அரிசியின் மேல் கோஜி வித்துக்களைத் தூவி, வெதுவெதுப்பான அறையில் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். பூஞ்சை அரிசிக்குள் வேர் விட்டு மாவைச் சர்க்கரையாக்கும். இதை ஈஸ்ட்டோடு வளர்த்து, மேலும் சோறும் தண்ணீரும் மூன்று தவணையாகச் சேர்ப்பார்கள். தொட்டியில் ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகிக்கொண்டிருக்கும், அதே நேரத்தில் மறுபக்கம் சர்க்கரை ஆல்கஹாலாகிக்கொண்டிருக்கும். பீரில் இவை இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. சாகேயில் ஒன்றாக நடப்பதால்தான் அத்தனை வீரியம். மூன்று, நான்கு வாரம் கழித்துப் பிழிந்து, லேசாகச் சூடுகாட்டிக் கிருமியை அடக்குகிறார்கள். இப்படிச் சூடுகாட்டும் வழக்கம் அங்கே 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. லூயி பாஸ்டர் பிறந்தது 1822இல்.

இனி மெனுவுக்கு வருவோம். அதில் இருக்கும் பெயர்களில் பாதி, அரிசியை எவ்வளவு தீட்டினார்கள் என்ற கணக்குதான். நாம் சாப்பிடும் வெள்ளை அரிசியில் சுமார் 10 சதவிகிதம் தவிடாகப் போகிறது. சாகேக்கு அது போதாது. அரிசியின் மேல்புறத்தில் இருக்கும் புரதமும் கொழுப்பும் ருசியைக் கரடுமுரடாக்கும். நடுவில்தான் சுத்தமான மாவுச்சத்து. எனவே தீட்டிக்கொண்டே போகிறார்கள். 60 சதவிகிதமோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் கின்ஜோ. பாதியோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சினால் டைகின்ஜோ. மெனுவில் ‘தஸ்ஸாய் 23’ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அரிசியில் 23 சதவிகிதத்தைத்தான் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கைக்குத்தல் அரிசியின் பெருமை பேசும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நெஞ்சு பதைக்கும். சமாதானம் சொல்ல வேண்டுமானால், தீட்டிய மாவு வீணாவதில்லை. அரிசி பிஸ்கெட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது.

இன்னொரு பாகுபாடு, வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்ததா இல்லையா என்பது. ‘ஜுன்மாய்’ என்ற சொல் இருந்தால் அரிசி, கோஜி, தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. ‘ஹோன்ஜோசோ’ என்றால் 70 சதவிகிதம் அல்லது அதற்குக் கீழ் தீட்டிய அரிசியோடு, வாசனையைத் தூக்கி நிறுத்தக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்திருக்கிறார்கள். எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு.

நான்கு கிண்ணம் வைத்துக்கொண்டால் வித்தியாசம் பிடிபட்டுவிடும். இரண்டு பேராகப் போய்ப் பகிர்ந்துகொள்வது பர்சுக்கும் தலைக்கும் நல்லது.

முதல் கிண்ணம் ஜுன்மாய். முகர்ந்தால் புதிதாக வடித்த கஞ்சியின் மணம். நாக்கில் கொஞ்சம் கனம், விழுங்கிய பின் மெல்லிய இனிப்பு. சாகேயில் அமினோ அமிலங்கள் அதிகம். காளான், கருவாடு, எலும்பு சூப்பில் நாக்கை நிறைக்கும் அதே ருசி இதிலும் உண்டு. சாப்பாட்டோடு குடிக்க ஏற்றது இதுதான். வறுத்த மீனோடு நன்றாகப் போகும். புளியும் மிளகாயும் தூக்கலான நம் குழம்போடு வைத்தால் குழம்புதான் ஜெயிக்கும்.

இரண்டாவது கின்ஜோ அல்லது டைகின்ஜோ. குளிர வைத்துக் கொடுப்பார்கள். மூக்கருகே கொண்டு போனால் வாழைப்பழம், ஆப்பிள். பழம் எதுவும் சேர்க்கவில்லை. நன்றாகத் தீட்டிய அரிசியைக் குறைந்த சூட்டில் மெதுவாகப் புளிக்க வைக்கும்போது ஈஸ்ட் தானாக உண்டாக்கும் வாசனைகள் இவை. வாழைப்பழத்தில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான் இதிலும் மணக்கிறது. மெனுவில் விலை உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை. தனியாகக் குடித்தால் அருமை. சாப்பாடு வந்ததும் வாசனை காணாமல் போகும். விலை அதிகமென்றால் எல்லாத் தட்டுக்கும் பொருந்தும் என்று அர்த்தமில்லை.

மூன்றாவது கிமோட்டோ அல்லது யமஹாய். தமிழ் நாக்குக்கு உடனே பரிச்சயமாவது இதுவாகத்தான் இருக்கும். மற்ற வகைகளில் பாலில் உறைவது போன்ற அந்தப் புளிப்பமிலத்தை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். இதில் பாக்டீரியாக்கள் தாமாக வந்து வளரும் வரை காத்திருக்கிறார்கள், இட்லி மாவுக்கு நாம் காத்திருப்பது போல. ருசியிலும் அந்தக் காத்திருப்பு தெரிகிறது. கெட்டி மோரின் புளிப்பு, பழைய சோற்று நீரின் ஆழம். வெதுவெதுப்பாகக் குடித்தால் இன்னும் விரிகிறது.

நான்காவது நிகோரி. அரைகுறையாக வடிகட்டியது. வெள்ளையாக, கலங்கலாக, அரிசித் துகள் நாக்கில் படும்படி இருக்கும். பார்த்ததும் கள் ஞாபகம் வரும். பெரும்பாலும் இனிப்புத் தூக்கல். முதல் முறை குடிப்பவர்களுக்குப் பிடித்துவிடும். அதனாலேயே இதைக் கடைசியில் வைப்பது நல்லது. முதலில் இதைக் குடித்தால் மற்றவை தண்ணீராகத் தோன்றும்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மட்டமான சாகேயைத்தான் சூடாக்குவார்கள் என்று சில இடங்களில் சொல்லக் கேட்கலாம். அது முழு உண்மையல்ல. ஜப்பானியர் ஐந்து, ஐந்து டிகிரியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 5 டிகிரி பனிக் குளிர், 10 டிகிரி மலர்க் குளிர், 35 டிகிரி மேனிச் சூடு, 50 டிகிரி நல்ல சூடு. வாசனைக்காகச் செய்த கின்ஜோவைச் சுட வைத்தால் வாசனை பறந்துவிடும். ஜுன்மாயும் யமஹாயும் சூட்டில் மலரும். ஒரே புட்டியை இரண்டு சூட்டில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத பாடம் அது.

மும்பை வெயிலில் இன்னொரு எச்சரிக்கை தேவை. பெரும்பாலான சாகே ஒயின் போலப் பழமையாகிப் பெருமை அடைவதில்லை. வாங்கிய ஓராண்டுக்குள் குடிப்பது உத்தமம். சூடுகாட்டாத ‘நாமா’ வகையை எந்நேரமும் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஷோகேஸில் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கியிருந்தால் கேட்காமல் நகர்ந்துவிடலாம். திறந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பதும் மரியாதைக் குறைவல்ல.

இத்தனை கேள்விகளையும் கேட்க முடிவதற்குக் காரணம், பதில் லேபிளில் இருக்கிறது. என்ன சேர்த்தார்கள், அரிசியில் எத்தனை சதவிகிதம் மிச்சம் வைத்தார்கள், வீரியம் எவ்வளவு, செய்தவர் யார், எந்த ஊர். இந்த ஒழுங்கு ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறியது என்று நம்மவர்கள் வியப்பது வழக்கம். அவர்கள் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1899இல் ஜப்பானிய அரசு வீட்டில் மது காய்ச்சுவதை முற்றிலும் தடை செய்தது. மக்கள் நலம் காரணமில்லை. அந்தக் காலத்தில் அரசின் வரி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது. விவசாயி தன் வீட்டில் செய்து குடித்த ‘டோபுரோக்கு’ என்ற கலங்கல் மது ஒரே நாளில் குற்றமாயிற்று. அதே அரசு 1904இல் மதுத் தயாரிப்புக்கு ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. 1911இல் தேசிய அளவில் சாகே மதிப்பீட்டுப் போட்டி தொடங்கியது. வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் நீல வளையங்கள் வரைந்து, வெள்ளையில் நிறத்தையும் நீலத்தில் கலங்கலையும் பார்த்து, ருசித்துத் துப்பி மதிப்பெண் போடும் தொழில் இப்படித்தான் கட்டுக்கோப்பாக வளர்ந்தது. சரக்கு கெட்டால் வரி கெடும் என்று அரசுக்குத் தெரிந்திருந்தது.

யுத்தத்தில் அதுவும் குலைந்தது. அரிசி இல்லை. 1945க்குப் பிறகு கறுப்புச் சந்தையில் ‘பகுடான்’ என்ற சரக்கு விற்றது. அந்தச் சொல்லுக்கு வெடிகுண்டு என்று பொருள். தொழிற்சாலை ஆல்கஹாலில் தண்ணீர் கலந்தது. அதில் மெத்தனால் இருந்ததால் பலர் கண்ணிழந்தார்கள், பலர் செத்தார்கள். சட்டப்படி விற்ற சாகேயிலும் ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்த்து ஒன்றை மூன்றாக்கினார்கள். அரிசி பெருகிய பிறகும் இந்த வழக்கம் வெகு காலம் நீடித்தது. ஜுன்மாய், கின்ஜோ என்ற இன்றைய பெயர்களுக்குச் சட்ட வரையறை அமலுக்கு வந்தது 1990இல். வரிக்காக வைத்திருந்த பழைய ‘முதல் தரம், இரண்டாம் தரம்’ முறை 1992இல் ஒழிந்தது. ஆக, ஐந்து நட்சத்திர மெனுவில் ஆயிரம் வருடப் பாரம்பரியமாகத் தோற்றமளிக்கும் அந்த ஒழுங்குக்கு வயது முப்பத்தைந்து சொச்சம்.

பாந்த்ராவிலிருந்து மாஹிம் கழியைத் தாண்டினால் தாராவி. 1950இல் பம்பாயில் முழு மதுவிலக்கு அமலானது. எஃப்.என். பல்சாரா என்ற குடிமகன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1951இல் வந்த தீர்ப்பு சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. ஆல்கஹால் கலந்த மருந்துக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் மட்டும் விலக்கு அளித்தது. வசதியுள்ளவர்களுக்கு மருத்துவச் சான்றும் பெர்மிட்டும் இருந்தன. மற்றவர்களுக்குத் தாராவி இருந்தது. கழியோரச் சதுப்பில் பீப்பாய்களைப் புதைத்து, கறுப்பு வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறல் வைத்தார்கள். காய்ச்சிய சரக்கு டயர் ட்யூபுகளில் நகரமெங்கும் போனது. கிறிஸ்தவக் குடும்பப் பெண்கள் சிலர் வீட்டு முன்னறையில் நாலு நாற்காலி போட்டு விற்றார்கள். ‘ஆன்ட்டி பார்’ என்று அதற்குப் பெயர். தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் இந்த வியாபாரத்தில்தான் தலையெடுத்தார். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே அவர் வைத்த பிள்ளையார் பந்தலுக்கு ஊரே திரண்டது. 1987இல் ‘நாயகன்’ வந்தது. 1988இல் அவர் சென்னையில் காலமானார். அதற்குள் சட்டமும் தளர்ந்திருந்தது, தேசி சரக்குக்கு அரசே லைசென்ஸ் கொடுத்தது, போலீஸ் நெருக்கியது. தாராவியின் ஊறல் பீப்பாய்கள் வற்றின.

அந்த நாட்களைச் சினிமாக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. குடித்து அழிந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆன்ட்டியின் வீட்டில் லேபிள் இல்லை, ஆன்ட்டியின் முகம் இருந்தது. சரக்கு சரியில்லையென்றால் மறுநாள் அந்த முகத்திடம் போய்க் கேட்கலாம். இடைத்தரகர்கள் பெருகி, செய்பவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாமல் போன இடத்தில் அந்தக் குறைந்தபட்சக் காப்பும் போய்விடுகிறது.

2015 ஜூனில் மாலாடு மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூலிக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள். கொன்றது மெத்தனால். 2024இல் மும்பை நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது, பத்துப் பேரை விடுவித்தது. அந்த ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20க்கும் மேல். அங்கும் மெத்தனால்.

இந்தச் செய்திகளில் ‘சாராயம் விஷமானது’ என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். சாராயம் தானாக விஷமாவதில்லை. அரிசியையோ வெல்லத்தையோ புளிக்க வைத்தால் மெத்தனால் ஆளைக் கொல்லும் அளவில் உண்டாகாது. பெயின்டுக்கும் ரசாயனத்துக்கும் ஆலையில் தயாராகும் பொருள் அது. வாசனையிலும் போதையிலும் எத்தனாலை ஒத்தது, விலை குறைவு. வியாபாரி கலக்கிறான். உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. முதலில் கண் நரம்பு போகிறது, பிறகு உயிர். சில தேக்கரண்டி போதும். அறிகுறி தெரிய பல மணி நேரமாவதால், போதை தெளிந்து வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பார்வை மங்குகிறது. மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கலாம். ஆனால் கள்ளச்சாராயம் குடித்தேன் என்று சொல்லப் பயந்து வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறார்கள். மதுவைச் சட்டம் மறைவில் தள்ளும்போது நோயாளியையும் சேர்த்துத் தள்ளுகிறது.

சட்டப்படி விற்கும் சரக்கின் நிலை என்ன? தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பெயர் விஸ்கி, பிராந்தி. உள்ளே பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலும் வண்ணமும் வாசனையும். இதில் ருசித்து ஒப்பிட என்ன இருக்கிறது? வாங்குபவர் கேட்பது குவார்ட்டரின் விலையை மட்டும். கள்ளை 1987லிருந்து தடை செய்துவிட்டோம். பனையேறி தன் மரத்தில் இறக்குவது குற்றம், ஆலையிலிருந்து லாரியில் வருவது வருவாய். 1899இல் ஜப்பான் போட்ட கணக்கின் நகல் இது. அவர்களோ பின்னால் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். 2003லிருந்து தேர்ந்தெடுத்த வட்டாரங்களில் விருந்தினரைத் தங்க வைக்கும் விவசாயிகள் டோபுரோக்கு செய்து விற்க அனுமதி உண்டு. நம் நாட்டிலும் உதாரணங்கள் இருக்கின்றன. கோவாவின் முந்திரி ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. அசாமின் திமாசா மக்கள் அரிசியிலிருந்து செய்யும் ‘ஜுதிமா’வுக்கு 2021இல் கிடைத்தது. பெயர், ஊர், செய்முறை எழுத்தில் வந்துவிட்டன. பொறுப்பாளி யார் என்பதும் தெரிந்துவிட்டது.

குடியால் சீரழிந்த வீட்டுப் பெண்களிடம் போய் லேபிளைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராவியிலும் தமிழகக் கிராமங்களிலும் கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கோரிக்கைக்குப் பதில் டைகின்ஜோ அல்ல. ஆனால் மால்வணியிலும் கருணாபுரத்திலும் விதவையானவர்களும் அவர்களே. குடிப்பதைக் குறைப்பது ஒரு வேலை, குடிப்பவன் சாகாமல் பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டிருக்கிறோம். ஆலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பீப்பாய் மெத்தனாலும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் கேட்பது அப்படியொன்றும் ஆகாத காரியமல்ல.

ஜப்பானில் சாகே விற்பனை 1973ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டது. இன்று அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். பீருக்கும் மற்றவற்றுக்கும் பலர் போய்விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சாகேயில் மிஞ்சியிருப்பவர்கள் நல்லதாகத் தேடிக் குடிக்கிறார்கள் என்பதும் உண்மை.

2024 டிசம்பரில் பராகுவே நாட்டின் அசுன்சியோனில் கூடிய யுனெஸ்கோ குழு, கோஜி கொண்டு சாகே தயாரிக்கும் அறிவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கருணாபுரத்தில் பிணங்களை வரிசையாக எரித்து அப்போது ஆறு மாதம் ஆகியிருக்கவில்லை.

மும்பை உணவகத்தில் சாகே மெனு கையில் வரும்போது, தீட்டல் எண் என்ன, ஜுன்மாயா, எப்போது திறந்தது, சூடாகவா குளிராகவா என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் பச்சைத் தேநீரோடு எழுந்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் இந்த வசதி மாஹிம் கழிக்கு அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே பெர்மிட்டும் கிடையாது.